பின்சீட்டும் அதற்கு அடியில் இருந்த மட்கார்டும்

என்னிடம் இருப்பது 2013-ஆம் ஆண்டு மாடல் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350. ஓட்டுபவரின் சீட்டுக்கு அடியில் இரண்டு ஸ்பிரிங்குகளும், பின்னால் மட்கார்டுக்கு மேலே தனியாகக் கழற்றக்கூடிய சிறிய பின்சீட்டும் கொண்ட பழைய அமைப்பு அது. 2021-இல் வந்த புதிய கிளாசிக்கில் அந்த ஸ்பிரிங்குகள் இல்லை. தக்கலையில் இருந்து நாகர்கோவிலுக்கு நாள்தோறும் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தனியாகப் போய்வரும் எனக்குச் சீட்டைப் பற்றி வெகுகாலம் எந்தக் குறையும் தோன்றவில்லை. அம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு குலசேகரத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் குறை தோன்றியது. தோன்றியது எனக்கு அல்ல, அம்மாவுக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டு வாசலில் இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "மக்ளே, இதுல இருந்து வாறதுக்கு பஸ்ஸில நின்னே வந்திருக்கலாம்" என்றார்.

அந்தச் சொல் உறுத்தியதால் அடுத்த வாரமே நாகர்கோவிலில் ஒரு கடைக்குப் போய், காட்டியவற்றிலேயே மிக மென்மையான பின்சீட்டைப் பார்த்து வாங்கினேன். கையால் அழுத்தினால் தலையணை போல உள்ளே போயிற்று. கடையில் நிறுத்தியிருந்த வண்டியில் அம்மா உட்கார்ந்து பார்த்தபோது முகம் மலர்ந்தது. அது 2017-ஆம் ஆண்டு ஜூன் மாதம், தென்மேற்குப் பருவமழை தொடங்கியிருந்த நேரம். இந்தப் பதிவில் நான் சொல்லப்போகும் எல்லாத் தவறுகளுக்கும் அன்றைய அந்த ஒரு நிமிடச் சோதனைதான் தாய்வேர்.

மென்மையான சீட்டு ஏன் வலிக்கும் என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை. நாம் உட்காரும்போது உடலின் எடையைத் தாங்குவது சதை அல்ல, இடுப்பெலும்பின் அடியில் துருத்திக்கொண்டிருக்கும் இரண்டு எலும்பு முனைகள். சீட்டின் வேலை, அந்த இரண்டு முனைகளில் குவியும் அழுத்தத்தைச் சுற்றியுள்ள பரப்புக்குப் பரப்பிவிடுவது. மிக மென்மையான ஃபோம் முதல் ஐந்து நிமிடம் அதைச் செய்துவிட்டு, பிறகு எடைக்கு அடங்கித் தட்டையாகி, எலும்பை அடியிலுள்ள தகட்டின் மேலேயே உட்காரவைத்துவிடும். அதன் பிறகு சாலையின் ஒவ்வொரு குழியும் நேராக முதுகுத்தண்டுக்குப் போகும். கல் போன்ற ஃபோமோ எலும்புகளை உள்வாங்காமல் மேலேயே நிறுத்திவிடுவதால் அரை மணி நேரத்தில் மரத்துப்போகச் செய்யும். வேண்டியது இரண்டுக்கும் நடுவில் இருப்பது: உட்கார்ந்ததும் சற்றுக் கடினமாகத் தோன்றி, ஒரு மணி நேரம் கழித்தும் அதே அளவில் தோன்றுவது. கடைக்காரர்கள் "ஹை டென்சிட்டி" என்று சொல்வதைக் கேட்டு அது கடினமான ஃபோம் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அடர்த்தி வேறு, கடினம் வேறு. அடர்த்தி என்பது ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ இருக்கிறது என்ற கணக்கு. அது கூடினால் ஃபோம் நாள்பட உழைக்கும் என்று எதிர்பார்க்கலாமே தவிர, எவ்வளவு அமுங்கும் என்பதை அந்த எண் சொல்லாது. அடர்த்தி கூடிய மென்மையான ஃபோமும் உண்டு, அடர்த்தி குறைந்த விறைப்பான ஃபோமும் உண்டு.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் தக்கலைப் பக்கம் குஷன் வேலை செய்யும் ஓர் அண்ணாச்சி. ஆனால் அவரிடம் நான் போய்ச் சேர்வதற்குள் எட்டு மாதம் ஆகியிருந்தது.

அந்த எட்டு மாதத்தில் நடந்தது இதுதான். புதிய பின்சீட்டு, பழையதைவிட அகலமும் எடையும் கூடியது. அதன் அடியில் இருந்த இரும்புப் பட்டை மட்கார்டின் வளைவோடு சரியாகப் பொருந்தவில்லை. வண்டி அதிரும்போதெல்லாம் பட்டையின் விளிம்பு மட்கார்டின் பெயிண்டில் உரசுவதை முதல் வாரத்திலேயே கவனித்த நான், மிகுந்த அறிவாளித்தனத்தோடு பழைய சீட்டின் ஃபோமிலிருந்து இரண்டு துண்டுகளை வெட்டி, பட்டைக்கும் மட்கார்டுக்கும் இடையில் செருகிவைத்தேன். உரசல் சத்தம் நின்றுவிட்டது. மட்கார்டைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்து நண்பர்கள் இருவருக்கும் அதையே செய்துகொடுத்தேன். அவர்கள் இன்றும் என்னோடு பேசிக்கொண்டிருப்பது அவர்களுடைய பெருந்தன்மை.

கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஜூன் மாதம் நனையத் தொடங்கும் வண்டி டிசம்பர் வரை முழுமையாகக் காய்வதற்கு வாய்ப்புக் குறைவு. அதோடு எங்கள் வீட்டில் மீன் வாங்குவதற்குத் திங்கள்நகர் வழியாகக் குளச்சலுக்குப் போவது மாதம் நான்கு முறையாவது நடக்கும். கடற்காற்றில் வரும் உப்பு, வண்டியில் படிந்து உலர்ந்த பிறகும் சும்மா இருப்பதில்லை. காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துத் தன்னைச் சுற்றி நனைவாகவே வைத்துக்கொள்ளும். வெயிலும் காற்றும் படும் மேற்பரப்பில் அந்த ஈரம் அவ்வப்போது உலர்ந்துவிடும். சீட்டுக்கு அடியில் உலர வழியில்லை. நான் செருகிய ஃபோம் துண்டுகளோ திறந்த கண்ணறைகள் கொண்டவை. மழைநீரையும் உப்பையும் குடித்து, புண்ணில் வைத்துக் கட்டிய ஈரத்துணி போல மட்கார்டின் மேல் மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருந்தன. 2017 நவம்பர் 30 அன்று ஒகி புயல் எங்கள் மாவட்டத்தைப் புரட்டிப்போட்டபோது, விழுந்து கிடந்த மரங்களால் வெளியே எடுக்க முடியாமல் வண்டி முற்றத்திலேயே நனைந்து நின்றது. மின்சாரம் இல்லாத அந்த நாட்களில் வண்டியைப் பற்றி யார் நினைத்தார்கள்?

பிப்ரவரி மாதம், பின்சீட்டின் தையல் வழியாகத் தண்ணீர் கசிந்து அம்மாவின் சேலை நனைகிறது என்பதற்காக அதைக் கழற்றினேன். கழற்றிய இடத்தில் இருந்த மட்கார்டு என்னுடைய மட்கார்டு போலவே இல்லை. ஃபோம் துண்டுகள் இருந்த இரண்டு இடத்திலும் பெயிண்ட் அப்பளம் போல உப்பி நின்றது. விரல் நகத்தால் தட்டியதும் பெயர்ந்து விழுந்து, உள்ளே செம்மண் நிறத்தில் துரு தெரிந்தது. உரசல் பட்டிருந்த இடத்தில் கோடு மட்டும்தான் இருந்தது. நான் பாதுகாத்த இடம்தான் அரித்துப் போயிருந்தது.

அப்போதுதான் அண்ணாச்சியிடம் போனேன். அவர் சீட்டைப் பார்க்கவே இல்லை. முதலில் மட்கார்டைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு, "மக்ளே, சீட்டு மேல இருக்கது நாம, சீட்டு இருக்கது மட்கார்டு மேலயாக்கும். அத பாக்காம சீட்டு வாங்குனா இப்பிடித்தான்" என்றார். பின்சீட்டு தாங்குவது எதன் மேல், எந்த இடங்களில் தொடுகிறது, தண்ணீர் எங்கே தேங்கும், காற்று எங்கே நுழையும் என்பதையெல்லாம் பார்த்த பிறகே பஞ்சைப் பற்றிப் பேச வேண்டும் என்பது அவருடைய முறை. அன்று முதல் என்னுடைய முறையும் அதுதான்.

முதலில் மட்கார்டு. அதை முழுவதும் கழற்றி, பின்விளக்கின் ஒயரைப் பிரித்து, துருவை எண் 80 உப்புத்தாளால் பளபளக்கும் இரும்பு தெரியும் வரை தேய்த்து, குழிகளுக்குள் மிஞ்சியதற்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கியைத் தடவினோம். அது மிஞ்சிய துருவைக் கறுப்பான இரும்பு பாஸ்பேட்டாக மாற்றிவிடும்; அதற்கு மேல் பிரைமர் பிடிக்கும். பெயிண்டர் பட்டி போட்டுக் குழியை நிரப்பிவிடலாம் என்று அவசரப்பட்டார். துருவை எடுக்காமல் மேலே பட்டி பூசினால் ஆறு மாதத்தில் அது உள்ளிருந்தே தள்ளிக்கொண்டு வெளியே வரும் என்று மறுத்துவிட்டேன். இந்த வேலைக்குப் பிப்ரவரியும் மார்ச்சும்தான் எங்கள் ஊரில் ஏற்ற மாதங்கள். ஈரக் காற்றில் அடித்த பிரைமரை நம்ப முடியாது.

மேலே எவ்வளவு பளபளப்பாக அடித்தாலும், மட்கார்டு உண்மையில் சாவது உட்பக்கத்தில்தான். டயர் வாரி எறியும் சேறு உள்விளிம்பின் மடிப்பிலும் ஒயர் கிளிப்புகளின் பின்னாலும் அடைந்து, காய்ந்த மேலோட்டுக்குக் கீழே வாரக்கணக்கில் ஈரமாக இருக்கும். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு இடையில் போகும் செம்மண் பாதைகளில் ஒருமுறை மழையில் போய்வந்தால் கைப்பிடி அளவு மண் உள்ளே ஒட்டியிருக்கும். கடற்கரைப் பக்கம் வேறொரு தொல்லை. மணவாளக்குறிச்சியைச் சுற்றியுள்ள கனிம மணலில் கார்னெட் கலந்திருக்கிறது. உப்புத்தாள் செய்யவே பயன்படும் பொருள் அது. பட்டைக்கும் பெயிண்டுக்கும் இடையில் அந்த மணல் ஒரு சிட்டிகை போய்ச் சேர்ந்தால், வண்டியின் அதிர்வே மீதி வேலையைச் செய்துவிடும். ஆகவே கடற்கரைக்குப் போய்வந்த அன்றே, மறுநாள் அல்ல, குழாய்த் தண்ணீரை மட்கார்டின் உட்பக்கம் கீழிருந்து மேலாகப் பீய்ச்சிவிடுகிறேன். சோப்பு தேவையில்லை, உப்பு தண்ணீரிலேயே கரைந்துவிடும். வாட்டர் சர்வீஸ் கடையில் உயர் அழுத்தத்தில் அடிக்கும்போது, ஒயர் இணைப்புகளின் மேல் நேராக அடிக்க வேண்டாம் என்று பக்கத்தில் நின்று சொல்ல வேண்டியிருக்கிறது.

உட்பக்கத்துக்கு, கார்களின் அடிப்பாகத்தில் அடிக்கும் ரப்பர் கலந்த கோட்டிங்கை அடித்தேன். சுத்தமாகத் துரு நீக்கி, காயவைத்து, பிரைமர் அடித்த இரும்பில்தான் அது பயன் தரும். துருவின் மேல் அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியது போலாகிவிடும். தண்ணீர் வடியும் துளைகளை அடைத்துவிடக் கூடாது. சிலர் பழைய எஞ்சின் ஆயிலை உள்ளே தடவச் சொல்கிறார்கள். என் தாத்தா காலத்து வழக்கம் அது. தூசியை இழுத்துப் பசை போல அப்பிக்கொள்வதோடு, ரப்பர் புஷ்களையும் ஒயரின் உறையையும் ஊறவைத்துக் கெடுத்துவிடும் என்பதால் நான் அதை ஏற்கவில்லை.

பின்சீட்டின் பட்டை தொடும் இடங்களுக்கு, ஃபோமுக்குப் பதிலாக, பழைய சைக்கிள் டியூபிலிருந்து நாலணா அளவில் வெட்டிய வட்டத் துண்டுகளைப் போல்ட்டுகளைச் சுற்றி மட்டும் வைத்தேன். டியூப் ரப்பர் தண்ணீரைக் குடிக்காது. அதையே நீளப் பட்டையாக வெட்டி முழுவதும் விரித்தால் அதற்கு அடியிலும் தண்ணீர் தேங்கும் என்பதால், தொடும் பரப்பு குறைவாக இருப்பதுதான் நல்லது. மீதி இடத்தில் சீட்டுக்கும் மட்கார்டுக்கும் நடுவில் சுண்டுவிரல் நுழையும் இடைவெளி இருக்கிறது. அந்த வழியே காற்றும் போகிறது, கழுவும்போது தண்ணீரும் போகிறது. மேற்பரப்பில் சீட்டின் நிழல் விழும் பகுதிக்கு மட்டும், கார் பெயிண்டுக்கு ஒட்டும் தெளிவான பாதுகாப்பு ஃபிலிமை ஒட்டியிருக்கிறேன். வண்டி முழுவதும் ஒட்டுவது வீண் செலவு.

இனி சீட்டு. அண்ணாச்சி அம்மாவையும் அழைத்துவரச் சொன்னார். எங்கள் அம்மாக்கள் ஒருபக்கமாகத்தான் உட்காருவார்கள். அப்போது எடை முழுவதும் சீட்டின் இடது ஓரத்தில் இறங்குவதால், கால் அகட்டி உட்காருபவருக்காக நடுவில் குழித்து ஓரங்களைச் சரித்த சீட்டு அவர்களுக்குச் சறுக்குமரம் போலத்தான் இருக்கும். வாகனம் குலுங்கும்போதெல்லாம் நழுவாமல் இருப்பதற்காக உடலை இறுக்கிக்கொண்டே வருவதுதான் இடுப்பு வலிக்குக் காரணம் என்று அவர் சொன்னபோது, பஞ்சைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்த எனக்கு வெட்கமாக இருந்தது. மேல்புறம் சமமாகவும், இடது ஓரம் அழுத்தினாலும் மடியாத விறைப்போடும், விளிம்பு தொடையில் வெட்டாதபடி உருட்டியும் இருக்க வேண்டும். கால் வைக்கும் கம்பி எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். பிடித்துக்கொள்ள ஒரு பிடி வேண்டும். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி, பின்னால் ஆள் ஏற்றும் இருசக்கர வாகனத்துக்கு நிலையான கைப்பிடியும், கால் வைக்கும் இடமும், உடை சிக்காமல் பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பும் இருக்க வேண்டும் என்கிறது. அழகு கெடுகிறது என்று அந்தச் சேலைத் தடுப்பைக் கழற்றி எறியும் தம்பிகள் தங்கள் அம்மாவை எந்த வண்டியில் ஏற்றுகிறார்கள் என்று தெரியவில்லை.

பஞ்சு விஷயத்தில் அவர் எடுத்த முடிவு எளிமையானது. அடியில் விறைப்பான பாலியுரேத்தேன் ஃபோம், மேலே ஒன்றேகால் அங்குலம் இயற்கை ரப்பர் பாலில் செய்த லேட்டக்ஸ் ஃபோம். ரப்பர் பாலை நுரைக்கவைத்து ஃபோம் ஆக்கும் முறை 1929-இல் இங்கிலாந்தின் டன்லப் ஆய்வகத்தில் பிறந்தது. அதற்கான பாலோ எங்கள் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் விடியற்காலையில் வடிகிறது. லேட்டக்ஸ் அமுங்கிய வேகத்தில் திரும்பி எழும். வெப்பமும் வெளிச்சமும் எண்ணெயும் பட்டால் கெடும் என்பதால் நல்ல உறை வேண்டும். ஜெல் பேடு வைக்கலாமா என்று கேட்டேன். அழுத்தத்தை நன்றாகப் பரப்பும், ஆனால் மதிய வெயிலில் நிறுத்திவைத்த வண்டியில் சூடு பிடித்து வெகுநேரம் விடாது என்றார். ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு நண்பன் காற்றடிக்கும் குஷன் வைத்திருக்கிறான். எல்லோரும் அதைப் பந்து போல ஊதிவிட்டு ஆடுகிறது என்று திட்டுகிறார்கள். அடித்தகட்டில் உடல் தட்டாத அளவுக்கு மட்டும், அதாவது தொளதொளவென்று தோன்றும் அளவுக்குக் காற்று வைத்தால்தான் அது வேலை செய்யும்.

உறைக்குக் கறுப்பு ரெக்சினை விட்டுவிட்டு வெளிர் பழுப்பு நிறத்தில் சொரசொரப்பானதை எடுத்தோம். வழுவழுப்பான ரெக்சினில் சேலை வழுக்கும். உட்காரும் மேற்பரப்பில் அழகுக்காகப் போடும் கட்டம் கட்டமான தையலை வேண்டாம் என்றேன். ஒவ்வோர் ஊசித் துளையும் மழைக்கு ஒரு வாசல். தையல் பக்கவாட்டில் மட்டும் வந்தது. ரெக்சினுக்கும் ஃபோமுக்கும் இடையில் மெல்லிய பிளாஸ்டிக் தாள், அடித்தகட்டில் தண்ணீர் வடிய நான்கு துளைகள். எல்லாம் சேர்த்து 1,800 ரூபாய் ஆயிற்று. கடையில் வாங்கிய தலையணைச் சீட்டு அதைவிட விலை கூடியது.

என்னுடைய சீட்டில் அவர் அதிகம் கைவைக்கவில்லை. முன்பக்கம் சரிந்திருந்ததால் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் டேங்கை நோக்கி நழுவிக்கொண்டிருந்தேன். முன்னால் அரை அங்குலம் ஃபோம் ஏற்றிச் சமமாக்கினார். சீட்டை இரண்டு அங்குலம் உயர்த்தலாம் என்ற என் ஆசையை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. இந்த வண்டியின் சீட்டு ஏற்கெனவே 800 மில்லிமீட்டர் உயரம். அதற்கு மேல் உயர்த்தினால் சிக்னலில் என் கால் விரல்கள் மட்டும்தான் தரையைத் தொடும், வண்டியின் எடையோ ஏறத்தாழ 190 கிலோ. முன்பக்கம் குறுகலாக இருந்தால் கால் நேராகக் கீழே இறங்கும் என்பதால், அகலத்தைப் பின்பாதியில் மட்டும் வைத்துக்கொண்டோம்.

ஒன்றை மட்டும் நானாகக் கண்டுபிடித்தேன். அம்மா ஏறும்போது பின்பக்க ஷாக் அப்சார்பரை ஐந்து நிலைகளில் ஒரு நிலை கூட்டிவைத்தால் போதும், குழியில் விழும்போது அது முழுவதும் அமுங்கி அடித்தட்டும் சத்தம் நின்றுவிடுகிறது. அது அடித்தட்டும்போது டயர் மட்கார்டின் உட்பக்க ஒயரை நெருங்கும். டயரைத் தடிமனாக மாற்றியவர்கள் அந்த இடத்தை ஒருமுறை டார்ச் அடித்துப் பார்ப்பது நல்லது. சீட்டைக் குறைசொல்லும் பலருக்கு உண்மையில் ஷாக் அப்சார்பர்தான் தேய்ந்திருக்கும்.

மட்கார்டின் ஓரத்துக்கு இன்னொரு எதிரி, சாமான் கட்டும் எலாஸ்டிக் கயிற்றின் கொக்கி. அக்கா வீட்டிலிருந்து திரும்பும்போது ஒரு குலை மட்டிப்பழமோ பலாப்பழமோ இல்லாமல் அனுப்பமாட்டார்கள். கொக்கியை மட்கார்டின் விளிம்பில் மாட்டிய இடத்திலெல்லாம் பெயிண்ட் சுரண்டப்பட்டு, அங்கிருந்துதான் முதல் துரு தொடங்கும். இப்போது கொக்கிகளைக் கைப்பிடிக் கம்பியில்தான் மாட்டுகிறேன். அவற்றின் மேல் டியூப் துண்டு ஏற்றியிருக்கிறேன். குளச்சலில் மீன் வாங்கினால் மூடி இறுகாத பெட்டியைப் பின்சீட்டில் வைப்பதில்லை, ஐஸ் உருகி வழியும் உப்புநீர் நேராக மட்கார்டுக்கும் பின்விளக்கின் ஸ்க்ரூக்களுக்கும்தான் இறங்கும். ரப்பர் வெட்டும் அத்தான் ஒருமுறை பாலை உறையவைக்கும் பார்மிக் அமிலக் கேனை என் வண்டியில் கட்டி அனுப்பப் பார்த்தார். மூடியின் ஓரத்தில் ஈரம் தெரிந்ததால், எவ்வளவு வற்புறுத்தியும் நான் ஏற்றவில்லை. அவருக்கு இன்னும் அதில் வருத்தம்தான்.

அம்மா இப்போது குலசேகரம் வரை ஒருமுறைகூட நிறுத்தச் சொல்லாமல் வருகிறார். திரும்பும்போது பலாப்பழத்தைத்தான் குறைசொல்கிறார். போன வாரம் பின்சீட்டைக் கழற்றிப் பார்த்தேன். ஃபிலிமுக்கு அடியில் பெயிண்ட் புதிது போல இருந்தது. இடதுபக்கப் பின் போல்ட்டைச் சுற்றி மட்டும் கடுகளவு பழுப்பு வட்டம் ஒன்று தொடங்கியிருந்தது. அந்த ஓர் இடத்தில் டியூப் துண்டு கிழிந்து வாஷர் நேராக இரும்பில் உட்கார்ந்திருந்தது. நைலான் வாஷர் வாங்கி வைத்திருக்கிறேன். மழை இரண்டு நாள் விட்டால் தேய்த்து, பிரைமர் தொட்டுவைத்து, மாட்டிவிட வேண்டும்.